கண் மஞ்சளாகாத காமாலை

ஒரு கணக்கைப் போட்டு முடித்த பிறகு அதை எத்தனை தடவை சரிபார்ப்பீர்கள் நீங்கள்? மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு தடவை? ரொம்ப முக்கியமான கணக்கென்றால் மூன்று தடவை? நான் போன மார்ச்சில் ஒரே கணக்கை முப்பத்தெட்டு தடவை பார்த்தேன். எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டு வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு டிக். முப்பத்தெட்டுக்கும் ஒரே விடை. முப்பத்தொன்பதாவது தடவைக்கு உட்கார்ந்தபோதுதான் என்னை டாக்சியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

என்னோடு காலேஜில் படித்தவர்கள் நாலு பேர் விஷயம் தெரிந்து தனித்தனியாகக் கடிதம் போட்டுவிட்டார்கள். நாலு கடிதத்திலும் ஒரே கேள்வி: அந்த வார்டில் என்னதான் செய்வார்கள்? ஷாக் வைப்பார்களா? கட்டிப் போடுவார்களா? நாலு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால் ஒரே மூச்சில் டைப் அடித்து, கார்பன் வைத்து எல்லோருக்கும் அனுப்புகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் கொடுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு முதலில் கொடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் கிரேஸ். வயது இருபத்தாறு. பி.இ. சிவில், கோல்டு மெடல். (மெடலைச் சொல்லாமல் இருந்து பழகு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் பழகவில்லை.) தல்லாகுளத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கட்டடங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் எவ்வளவு கம்பி வேண்டும், சுவர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் படம் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி ராஜமாணிக்கம் சார். நான் போடும் கணக்கைப் படமாக வரைபவர் சேது அண்ணன், அந்த நாற்காலியில் இருபது வருஷமாக இருக்கிறார். ஒரு டைப்பிஸ்ட். அப்புறம் நான். அந்த மாடியில் பொம்பளை இன்ஜினியர் என்று முதலில் ஏறியவள் நான்தான்.

சேர்ந்த ஆறு மாதத்தில் சார் வருகிற பார்ட்டிகளிடம் எல்லாம் ஒரு டயலாக் சொல்ல ஆரம்பித்தார். "இந்தப் பொண்ணு கணக்குப் போட்டா தப்பே இருக்காதுய்யா. கண்ண மூடிக்கிட்டு கான்கிரீட் போடலாம்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வேலை மூன்று வேலை ஆனது, மூன்று ஏழு ஆனது. எதற்கும் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொன்னால் "அதான் பொம்பளப் புள்ளய வைக்காதேன்னேன்" என்று யாரோ எங்கோ சொல்லிவிடுவார்கள் என்று நினைப்பு. ஏழு வேலையையும் செய்தேன். தப்பே வரவில்லை. அதுதான் வினை. ஒரு தப்பு வந்திருந்தால் அன்றைக்கே பயம் தெளிந்திருக்கும்.

கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மேல்நிலைத் தொட்டி. நாலு தூணில் நிற்கிற தொட்டி, அடியில் பிள்ளைகள் விளையாடும் மைதானம். அந்த மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. தொட்டி சரிந்தால்? காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்த் தூண் கம்பிகளை எண்ணுவேன். எண்ணிவிட்டு ஆபீஸ் வருவேன். மறுநாளும் போவேன். மேஸ்திரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, நேத்து எண்ணுன கம்பி ராத்திரியில குட்டி போட்டிருக்கும்னு பாக்க வந்தீகளா?"

சித்தாள் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எண்ணினேன்.

சாப்பாடு இறங்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் தலைவலி. அம்மாவிடம் எரிந்து விழுந்தேன், டிபன் பாக்ஸில் இட்லி வட்டமாக இல்லை என்றுகூட. தூண் வேலை முடிந்து, மேலே தொட்டியின் படத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. பேனாவை எடுத்தேன். கை இறங்கவில்லை. மடத்தனமாக இருக்கும், ஆனால் நடந்ததைச் சொல்கிறேன்: காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே பேனா நிற்கிறது, கை என்னுடையது இல்லை. சரி, இன்னொரு தடவை கணக்கைப் பார்த்துவிடுவோம் என்று தாளை இழுத்தேன். நெஞ்சு அடித்த அடியில் பிளவுஸ் ஆடியது. மூச்சு வரவில்லை. உதடும் விரல் நுனியும் மரத்துப் போயின. "அண்ணே, எனக்கு ஹார்ட் அட்டாக்" என்று சேது அண்ணனிடம் சொன்னது நினைவிருக்கிறது. அவர் "இருபத்தாறு வயசுல ஏது தாயி அட்டாக்" என்று சொல்லிக்கொண்டே டாக்சிக்கு ஓடினார்.

ஊருக்குள் இருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். முதல் நாலு நாள் முழுக்க டெஸ்ட். நெஞ்சில் ஒயரை ஒட்டி எடுக்கிற ஈ.சி.ஜி., நார்மல். ரத்தம், நார்மல். தைராய்டு என்று கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, அது தாறுமாறாக ஓடினாலும் இப்படிப் படபடக்குமாம். அதற்கான ரத்தம் மெட்ராசுக்குப் போய் ரிசல்ட் வந்தது, நார்மல். நார்மல் நார்மல் என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் ஏறியது. எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் எது? மூளையில் கட்டிதான். வெயிட்டிங் ஹால் பெஞ்சில் அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கம், நடுவில் நான். எதிரே தலையில் கட்டுப் போட்ட ஒரு ஆள். அவரையே பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம்.

தலைக்கு எடுக்கிற டெஸ்டின் பெயர் ஈ.ஈ.ஜி. மண்டையில் பசையைத் தடவி ஒயர்களை ஒட்டுவார்கள். மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தை வரிசையான பேனா முனைகள் ஓடுகிற தாளில் கோடாக வரையும். வலிக்காது, முடிதான் நாசம். முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். ஒரு கோடுகூட ஒழுங்காக இல்லை.

"என்ன சார், எல்லாம் கோணல் மாணலா இருக்கு?"

டெக்னீஷியன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நேரா வந்தா நீங்க செத்துட்டீகன்னு அர்த்தம்மா. முடியத் தொடச்சுக்கங்க."

அன்று சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து, உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, மனநல டாக்டர் ஒருவர் பார்க்கட்டும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். என் அப்பா ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். கதவில் தொங்கிய துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மூளையில ஒண்ணுமில்லன்னுதான் படமே சொல்லிருச்சே. பெறகு என்னாத்துக்கு அந்த டாக்டர்?"

மனநல டாக்டர் நடுவயதுக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, கடைசியாக எப்போது சும்மா உட்கார்ந்திருந்தாய், சாகலாம் என்று தோன்றியதா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்றேன். "மறுநாள் விடியாம இருந்தா நல்லாருக்கும்னு?" என்று கேட்டார். நான் போர்வை ஓரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். டிப்ரஷன் என்றால் அழுதுகொண்டே இருப்பது மட்டும் இல்லை. தூக்கம், பசி, ஆசை, மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடையைச் சாத்திவிட்டுப் போவது. எனக்கு நெஞ்சு அடித்தது பேனிக் அட்டாக்: உடம்பு ஆபத்து வந்துவிட்டதாக நினைத்து மணி அடிப்பது, ஆபத்து இல்லாதபோது. பயமாக இருக்கும், உயிர் போகாது. ஓயாமல் வேலை செய்து, ஒரு தப்பும் வரக்கூடாது என்று தன்னைத்தானே விரட்டுகிறவர்கள் இப்படி வந்து விழுவதற்கு வெளிநாட்டில் பர்ன்-அவுட் என்று புதிதாகப் பெயர் வைத்திருக்கிறார்களாம். கருகிப்போவது. மாத்திரை உண்டு, இரண்டு மூன்று வாரம் ஆனபிறகுதான் வேலை செய்யும், அதுவரை வாய் காயும், மலம் இறுகும். மாத்திரை பாதிதான், மீதிப் பாதி பேசிப் பழகுவது. ஷாக் கிடையாது, கட்டிப் போடுவதும் கிடையாது. மூன்று வாரம் இங்கேயே இரு.

காரிடாரில் அம்மா எலிசபெத் டீச்சரிடம் மாட்டியது அந்த நேரம் பார்த்துத்தான். எங்கள் சர்ச் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். "என்ன அக்கா, இங்க?" என்று கேட்க, அம்மா யோசிக்காமல் "கிரேசுக்குக் காமாலை" என்று சொல்லிவிட்டாள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளைப் பொய் சொன்னதற்காக அடித்தவர். ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் என் கல்லீரலுக்காக ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. அவ்வளவுதான், அன்று மத்தியானத்திலிருந்து ஆரம்பித்தது ஊர்வலம். ஐக்கியத்திலிருந்து ஐந்து டீச்சர்கள், ஐந்து செம்பு கீழாநெல்லிச் சாறு. வெறும் வயிற்றில் குடி. மோரில் கலக்கிக் குடி. என் கண்ணெதிரே குடி. மறுக்க முடியுமா? காமாலைக்காரிக்கு எண்ணெய் ஆகாது, உப்பு ஆகாது, கறி ஆகாது. வீட்டிலிருந்து வேறு சாப்பாடு கொண்டுவந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அம்மா பத்தியச் சாப்பாடே கொண்டுவந்தாள். உப்பில்லாத கஞ்சி. வேகவைத்த பூசணி. எனக்கு வந்திருப்பதோ சாப்பிடாமல் ஆறு கிலோ இளைத்துப்போன நோய்.

நாலாம் நாள் எனக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அப்போதுதான் மும்தாஜ் கண்டுபிடித்தாள்.

மும்தாஜ் சைக்காலஜி படித்துவிட்டு அங்கே வேலை பார்ப்பவள். டாக்டர் சொன்ன 'பேசிப் பழகுவது' அவள் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். கோந்து கொட்டிய ஃபைல், மூடி தொலைந்த பேனா, வாயில் எந்நேரமும் பட்டாணி. முதல் நாள் பார்த்ததும் இவளா என்னைச் சரிசெய்யப் போகிறாள் என்றிருந்தது.

"இந்த மாத்திரைக்கு மலம் இறுகணும். உனக்கு ஏன் புள்ள தலைகீழா நடக்குது?" என்று கேட்டவள், கட்டிலுக்கடியில் இருந்த செம்பை முகர்ந்து பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள்.

"யா அல்லா! பொய்யக்கூட இம்புட்டு ஒழுங்கா சொல்ற குடும்பத்த நான் பாத்ததே இல்ல. பத்தியம் வரைக்கும் சரியா இருக்கே!"

அவள் கற்றுக்கொடுத்ததில் முதலாவது உடம்பைத் தளர்த்துவது. படுத்துக்கொண்டு கால் விரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு இடமாக இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி, விட வேண்டும். விடும்போது எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். கெண்டைக்கால், தொடை, வயிறு, தோள், தாடை. இறுக்கமாக இருப்பதே தெரியாமல் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன் என்று தாடையை விட்டபோதுதான் தெரிந்தது. இரண்டாவது, ஒரு நோட்டில் மூன்று பத்தி: என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, அது உண்மைதானா.

ஒரு வாரம் கழித்து நோட்டைக் கேட்டாள். பெருமையாக நீட்டினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இரண்டு கலர் மை, தளர்த்தும் பயிற்சிக்குத் தினமும் பத்துக்கு எத்தனை என்று மார்க், கடைசிப் பக்கத்தில் மார்க்குகளை வைத்து ஒரு கிராஃப். கோடு மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

மும்தாஜ் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டாணி மெல்வது நின்றது.

"நோயாளியா இருக்குறதுலயும் கோல்டு மெடல் வாங்கப் பாக்குற நீ."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "சரியாப் பண்ணுனா தப்பா?"

"பத்தொம்பதாம் தேதி ஒம்பது மார்க். அன்னைக்கு ராத்திரி நீ அழுதேன்னு நர்ஸ் எழுதியிருக்காக. எது நெசம்?"

அவள் நோட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மருந்துக் கம்பெனி நோட்டீசின் பின்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள். "இனிமே இதுல எழுது. பென்சில்ல. அழிக்கிற ரப்பர் கெடையாது."

அழுத ராத்திரிக்குக் காரணம் உண்டு. அன்று சாயங்காலம் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, ராஜமாணிக்கம் சார் சொல்லியனுப்பியது: மாசக் கடைசி வரை பார்ப்பார், அதற்குள் வராவிட்டால் என் இடத்தில் திருச்சியிலிருந்து ஒரு ஆள் வருகிறான். இன்னொன்று அப்பாவின் சட்டைப் பையிலிருந்து வந்தது. எனக்காக அவரே எழுதிய ராஜினாமாக் கடிதம். அச்சடித்த மாதிரி எழுத்து. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"வேலை வேண்டாம் பாப்பா. டீச்சர் ட்ரெயினிங் போயிரு. நம்ம ஸ்கூல்லயே எடம் கிடைக்கும். நிம்மதியா இருக்கலாம்."

"நான் இன்ஜினியர்ப்பா."

"இருந்ததுனாலதான இங்க வந்து கெடக்குற."

தொட்டிப் படத்தில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை என்பது உண்மை. இந்தக் கடிதத்தில் போடக் கை வந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பயம். கடிதம் தலையணைக்கடியில் கிடந்தது. மாசக் கடைசிக்குப் பதினோரு நாள்.

மும்தாஜிடம் மைதானத்தைப் பற்றிச் சொன்னேன். தொட்டி, பிள்ளைகள், எல்லாம். இதெல்லாம் வீண் பயம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"விழுந்தா சாவாகதான். பயப்பட வேண்டிய விஷயந்தான். நீ கணக்குப் போட்ட பெறகு அத யாராரு பாக்குறாக?"

சொன்னேன். சேது அண்ணன் வரையும்போது பார்ப்பார். சார் பார்ப்பார். சர்க்கார் இன்ஜினியர் பார்த்து முத்திரை குத்துவார். கம்பி கட்டியதும் மேஸ்திரி பார்ப்பார். அதற்கும் மேல், கணக்கிலேயே வேண்டியதைவிட அதிகமாகத்தான் பலம் வைப்போம்.

"அம்புட்டுப் பேரு பாத்தும் உனக்குத் தூக்கம் வரல. அப்ப அவக எல்லாரும் முட்டாளு, நீ மட்டுந்தான் கெட்டிக்காரி. அதான?"

கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. என்னைப் பொறுப்பானவள், அடக்கமானவள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திமிர் பிடித்தவள் என்று யாரும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் சேது அண்ணன் வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"காமாலன்னு சொன்னாக. கண்ணு வெள்ளையால்ல இருக்கு?"

"காமால இல்லண்ணே. மனசுக்குத்தான் வைத்தியம் பாக்குறாக. பயம். தூக்கமில்ல. அதுக்கு."

அண்ணன் கொஞ்ச நேரம் ஆரஞ்சை உருட்டினார். "அதுக்கு எதுக்கு தாயி கீழாநெல்லி குடிச்ச?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஆள் எழுந்து ஓடவில்லை. ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார். அப்புறம் காதைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா கூடாதான்னு உன்கிட்டயே கேக்கச் சொன்னாரு சார்" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"அந்தக் கொட்டாம்பட்டித் தொட்டி. படத்துல மேல்தளத்துக்கு ஆள் எறங்குற ஓட்டையே இல்ல தாயி. சுத்தி அடச்சுக் கெடக்கு. உள்ள கழுவ எறங்குறவன் எப்படிப் போவான், தண்ணிக் கொழா வழியாவா?"

தொட்டிக்கு மேன்ஹோல் வைக்கவில்லை. முப்பத்தெட்டு தடவை. சுவர் கனம் சரி, கம்பி சரி, காற்று வேகம் சரி, எல்லாவற்றுக்கும் டிக். தொட்டிக்குள் போக வழி இல்லை.

நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. விரல் நுனி மரத்தது. கால் விரலை இறுக்கினேன், விட்டேன். கெண்டைக்காலை இறுக்கினேன், விட்டேன். வயிறு. தோள். சேது அண்ணன் பயந்து நர்சைக் கூப்பிட எழுந்தார், கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தாடைக்கு வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கில் வந்தது, அப்புறம் வயிற்றிலிருந்து. நாலு மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு, நிற்கவே இல்லை.

"பெறகு என்ன பண்ணுனீங்கண்ணே?"

"என்ன பண்ண, ரெண்டடிக்கு ரெண்டடி ஓட்டையப் போட்டு, ஓரத்துல நாலு கம்பி சேத்து வரஞ்சு வச்சிருக்கேன். நீ பாத்துக் கையெழுத்துப் போட்டா சரி. இருபது வருசத்துல நான் புடிச்ச ஓட்டையெல்லாம் எண்ணுனா இந்த ஆஸ்பத்திரி பத்தாது. சாருக்கே படிக்கட்டு இல்லாத மாடி ஒண்ணு உண்டு. அவருகிட்ட கேட்டுறாத."

அவர் போன பிறகு பென்சிலைத் தேடி எடுத்தேன். நான் தப்புப் பண்ணினேன். ஒருத்தர் பார்த்தார். சரிசெய்தார். பஸ் பிடித்து ஆரஞ்சோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தரும் சாகவில்லை. நோட்டீஸ் பின்பக்கத்தில் பென்சிலால் அதை மட்டும் எழுதினேன்.

மறுநாள் மும்தாஜ் அப்பாவையும் அம்மாவையும் அழைத்து உட்கார வைத்தாள். அப்பா முதுகை நேராக வைத்துக்கொண்டு கேட்டார்: "எங்க வளர்ப்புல எங்க தப்பு நடந்துச்சுன்னு சொல்லுங்கம்மா. திருத்திக்கிறோம்."

"பாருங்க சார், நீங்களும் தப்பத்தான் தேடுறீங்க."

அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "ஏழாங்கிளாஸ்ல கணக்குல தொண்ணூத்தொம்பது வாங்கிட்டு ஓடியாந்தா. மீதி ஒண்ணு எங்கன்னு கேட்டாரு. வெளையாட்டுக்குத்தான் கேட்டாரு." அப்பாவுக்கு அது நினைவில்லை. எனக்கு இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை அவரும் படிப்பார் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் தலையணைக்கடியிலிருந்து கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "கையெழுத்துப் போடலப்பா. அதே வேலைக்குத்தான் போறேன். ஆனா பழைய மாதிரி போகல."

அவர் வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் காரிடார் முழுக்க வாசனை. அப்பா வருகிறார், கையில் வாழை இலைப் பொட்டலம், சால்னா வழிந்து சட்டைக் கைவரை வந்திருக்கிறது. நாலு பரோட்டா, ஒரு சுக்கா. எதிரே எலிசபெத் டீச்சர் செம்போடு.

"சார்! காமாலைக்குப் போயி இதக் குடுக்கலாமா?"

"காமால இல்ல டீச்சர்," என்றார் அப்பா. "நாங்க பொய் சொல்லிட்டோம். சாறுக்கு நன்றி. வேற யாருக்காவது ஆகும்." அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, பரோட்டாவை அவரே பிய்த்துப் போட்டார். நான் நாலையும் தின்றேன்.

டிஸ்சார்ஜ் ஆன ஞாயிறு, சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் எழுந்து நின்றார். எழுதி எடுத்துக்கொண்டு போகவில்லை. அதனால் திக்கினார். "சபையாருக்கு ஒரு திருத்தம். என் மகளுக்கு வந்தது மனச்சோர்வு. வேலை அதிகமானதால் வந்தது. வைத்தியம் பார்த்தோம். தேறி வருகிறாள். கல்லீரல் நன்றாக இருக்கிறது." யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். அப்புறம் பாஸ்டரும் சிரித்தார். ஆராதனை முடிந்து வெளியே வருகையில் சபை டிரஷரர், பேங்க் மேனேஜர், பெரிய மனுஷன், என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, "அந்த டாக்டர் எந்தெந்தக் கிழமை வருவாரு?" என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சொன்னேன்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆபீஸ் மாடி ஏறினேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாம்மா. மேன்ஹோல் விட்டுப்போச்சாமே?"

"ஆமா சார். விட்டுப்போச்சு."

இந்த மூன்று வார்த்தையை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். மூச்சு முட்டவில்லை. அந்தச் சூட்டோடு மீதியையும் சொன்னேன். ரெண்டு மாசத்துக்கு அரை நாள்தான் வருவேன். கணக்கை ஒரு தடவைதான் பார்ப்பேன், அடுத்த தடவை இன்னொருத்தர் பார்க்க வேண்டும், பார்த்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு வேலையில் மூன்றுதான் எனக்கு.

"அரை நாளா? இதென்ன மேட்னி ஷோவா?" சார் கத்தினார். "மீதி நாலு வேலைய யாரு பாக்க?"

"அதான் திருச்சிக்காரர் வாராரே சார். வரட்டும். நாற்காலி இன்னொண்ணு வாங்குங்க."

சேது அண்ணன் படப் பலகைக்குப் பின்னாலிருந்து இருமினார். "மாடிப்படி இல்லாத வீட்டுக்கு நம்ம ரெண்டு பேருமா போனோமே சார், அது எந்த வருசம்?"

சார் அவரை முறைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாற்காலி மர நாற்காலிதான். குஷன் கெடையாது" என்றார்.

திருச்சிக்காரர் வந்தார். நல்ல ஆள், நிறையப் பேசுவார். என் கணக்கில் மாதம் ஒரு தப்பாவது பிடிக்கிறார், நான் அவருடையதில் இரண்டு. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். மும்தாஜைப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பார்க்கிறேன். எல்லாம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். போன வாரம்கூட கேஸ் மூடிவிட்டேனா என்று மூன்று தடவை எழுந்து பார்த்தேன். நாலாவது தடவைக்குக் கால் விரலை இறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டேன். தொட்டிப் படத்தில் என் கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. செல்லும்.

இன்று சனிக்கிழமை, மணி பதினொன்றேகால். கொட்டாம்பட்டியில் காலை ஆறு மணியிலிருந்து தொட்டியின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் வீட்டில் இருக்கிறேன்.